பெண்கள் நேரத்துப் பதிவேடு

கடலூரில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு நீச்சல் குளத்தில், வாசல் மேசையில் ஒப்பந்த வேலை பார்த்தேன். வீடு சிதம்பரம், தினமும் பஸ். சாயங்காலம் நாலிலிருந்து ஐந்துவரை பெண்களுக்கு மட்டும், கட்டணம் கிடையாது. அந்த ஒரு மணி நேரத்துக்கென்று தனியாக நிதி வந்தது. அதற்காக நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வருகிறவர்களின் பெயர், விலாசம், போன் நம்பரை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. அதைத்தான் நான் செய்யவில்லை.

சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்த நோட்டு மேசைமேலேயே கிடக்கும். காலையில் டோக்கனுக்கு நிற்கும் ஆண்கள் சும்மா எடுத்துப் புரட்டுவார்கள். ஆரம்பத்தில் நம்பர் எழுதிய ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கண்டவனெல்லாம் போன் செய்தான். அவள் வருவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில், இனி எந்தப் பெண்ணின் நம்பரும் இந்த நோட்டில் ஏறாது என்று முடிவு செய்தேன். நம்பர் இல்லாத வரி செல்லாது என்பது விதி, அதனால் பெயரையும் எழுதாமல் விட்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் வந்தார்கள், ஆசை தீர நீந்தினார்கள், போனார்கள். பெரிய தர்மம் செய்கிற திமிர் வேறு எனக்கு.

ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து மேசையைத் தட்டினார்.

"பொம்பளைங்க நேரத்துல ஒரு ஆள்கூட வரலன்னு மேல போயிருக்குது. நாளைக்குக் காலைல ஆய்வுக்கு வராங்க. ஆள் காட்டலன்னா நிதிய நிறுத்திட்டு, கொளத்தையே குத்தகைக்கு வுட்டுடுவாங்க."

குத்தகைக்காரர் பெண்களுக்கென்று இலவசமாக ஒரு மணி நேரம் வைப்பாரா? அவருக்கு என்ன தலையெழுத்து?

அன்று சாயங்காலம் வந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கெஞ்சினேன். "நம்பர் மட்டும் கேக்காதீங்கக்கா" என்று நழுவினார்கள். நானே சொல்லிக் கொடுத்த பயம்தான், யாரைக் குறை சொல்ல?

ஒருத்தி மட்டும் நின்றாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவள், தரையில் கோல் இல்லாமல் ஓரடி வைக்க முடியாது. தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மார்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டால் எதையும் பிடிக்காமல் நடப்பாள். புருஷனுக்கு இது பிடிக்காது என்பதால், ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். அது எனக்கும் தெரியும்.

"எழுதுங்கக்கா. இந்த நேரம் போச்சுன்னா நான் படுத்த படுக்கைதான்."

"வூட்டுல தெரிஞ்சிட்டா?"

"பகல்ல போன் என் கையிலதான் இருக்கும்."

எழுதினேன். ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மீதி வரிகளுக்கு என் சொந்தக்காரர்களை இறக்கினேன். கீரப்பாளையத்தில் இருக்கும் நாத்தனார், காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் சித்தி மகள், இன்னும் நாலு பேர். ஒருத்தியும் அந்தக் குளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடிவைத்தேன். பேனாவை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். போனில் ஒவ்வொருத்திக்கும் பாடம் நடத்தினேன்.

மறுநாள் வந்த அதிகாரி கோபக்காரர் இல்லை. தணிந்த குரலில் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பெண்கள் நேரத்துல நான் உள்ள வர முடியாது. அதனால போன்லயே கேட்டுக்கறேன்" என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

முதலில் நாத்தனார். "ஆமா சார், டெய்லி வரேன். ஒடம்புக்கு ரொம்ப நல்லாருக்கு."

"எந்த ஏரியாம்மா?"

"கீர... மஞ்சக்குப்பம் சார்" என்றாள். அவர் டிக் போட்டார்.

சித்தி மகள் ஒரு படி மேலே போய், "தண்ணில மருந்து வாட ஜாஸ்தி சார், கொஞ்சம் பாருங்க" என்று குறை வேறு சொன்னாள். அதற்கும் டிக்.

மூன்றாவதாக, கோல் ஊன்றி வருகிறவளின் நம்பர். ஒரு ஆண் எடுத்தார், தூக்கக் கலக்கக் குரல். புருஷனுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முந்தின ராத்திரி திடீரென்று இரவு ஷிப்ட் போட்டிருப்பார்கள், அவள் கணக்கு தப்பிவிட்டது. அதிகாரி விஷயத்தைச் சொன்னார். பின்னால் அவளுடைய குரல், "யாருங்க போன்ல?" என்றது.

"எங்க வூட்டுப் பொம்பள அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் வர மாட்டா சார். எவனோ பொய்யா எழுதியிருக்கான்." போனை வைத்துவிட்டார்.

அதிகாரி சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தார். "இது ஒண்ணு மட்டும் பொய்யா வந்திருக்குது. இனிமே பாத்து எழுதுங்கம்மா."

அது ஒன்றுதான் நிஜம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மற்ற வரிகள் போகும், அந்த நேரம் போகும், என் வேலையும் போகும். "சரிங்க சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நிதி நீட்டிக்கப்பட்டது. அவள் அன்று சாயங்காலம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. போன் செய்து விசாரிக்க எனக்குத் தைரியமில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பக்கத்தில் போனேன்.

அவளே கேட்டாள். "பொம்பளைங்க நேரம் இன்னும் இருக்குதாக்கா?"

"இருக்குது."

"அப்பாடா. அன்னிக்கி எங்க வூட்டுக்காரர் பேசினதுல அத நிறுத்தியிருப்பாங்களோன்னு இத்தன நாளா பயந்துகினு இருந்தேங்க்கா. என்ன மன்னிச்சிடுங்க."