வேறு யாரையும் கூப்பிடாதீர்கள் என்றேன்

ஸ்டெல்லா அக்கா தன் மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டியபோதுதான் அந்த யோசனை உதித்தது. ஏழு வயது ஜெனிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுது. எங்கள் ஊர் தேவாலயத்தில் பங்குச் சாமியாராக இருந்து மறைந்தவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கேட்டு ரோமுக்கு மனு போயிருந்தது. அதற்கு ஒரு புதுமை, அதாவது அற்புதம், வேண்டும். அவரை வேண்டி, மருத்துவத்தால் விளக்க முடியாதபடி ஒருவர் குணமாக வேண்டும். அது ஜெனியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, சாமியார்ட்ட மட்டும் கேளுங்க. அந்தோணியாரையும் கூப்பிட்டா, யாரு செஞ்ச புதுமைன்னு ரோமுல கேப்பாவ" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணையும் ஜெனிக்குப் பூசவிடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஜெனிக்கு மூச்சுத் திணறியது. ஐசியூ வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே, அந்தோணியாரேன்னு வாய் வரைக்கும் வருது. முழுங்கிட்டு நிக்கேன். எம்புள்ள போயிட்டா, பட்டம் யாருக்குலே?"

அருளாளர் என்றால் கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்தத் தாய் தன் அந்தோணியாரை வாய்விட்டு அழைக்கவும் விடாமல் செய்துவிட்டேன்.

"யாரை வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா" என்றேன்.

ஜெனி இன்னும் கண் திறக்கவில்லை. என்னால் ஆவது எதுவுமில்லை. நாளை அந்த வாசலில் நான் இருந்துகொள்கிறேன், ஒரு மணி நேரம் தூங்குங்கள் என்று அக்காவிடம் கேட்கப்போகிறேன். விடுவாரா, தெரியவில்லை.