ஓட்டை இல்லை என்ற கரீம் பாய்

வகுப்பில் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கரீம் பாயின் மகன் ரஹீம் வாசலில் வந்து நின்றார். "அத்தா காலையில மௌத்தாயிட்டாரு சார்" என்றார். அந்தச் சாவுச் செய்தி கேட்டு, கையிலிருந்த சாக்பீஸோடு அவர் பின்னால் கிளம்பினேன்.

இந்த வாசகசாலையில் அவரை அறியாதவர் இல்லை. தோல் மண்டியில் தரம் பிரிப்பவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் நேரே இங்கேதான் வருவார். இந்த இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல என்னை அழைத்தீர்கள். நான் முதலில் என் தவறைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நட்சத்திரக் கூட்டத்தின் புகைப்படம் ஒன்றை இங்கே காட்டினேன். நடுவில் ஓரிடம் கன்னங்கரேல் என்றிருந்தது. பழைய புத்தகம் ஒன்றில் படித்ததை நம்பி, அங்கே நட்சத்திரமே கிடையாது, அது வானத்தில் விழுந்த ஓட்டை என்று விளக்கினேன். பாய் படத்தை வாங்கிக்கொண்டு, மண்டியில் தோலைப் பார்க்கும் பழக்கத்தில், சன்னலோரம் போய் நின்று பார்த்தார்.

"வாத்தியாரே, இது ஓட்டை இல்ல. ஓட்டைன்னா ஓரம் வெட்டுனாப்ல இருக்கும். இங்க வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமா கம்மியாவுது. முன்னால இன்னாவோ மறைக்குது."

வானம் ஆட்டுத்தோல் அல்ல பாய் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. பாயும் சிரித்தார். அதன் பிறகு கூட்டத்தில் அவர் வானத்தைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

இந்தக் கோடையில் இங்கே வந்த ஓர் ஆங்கில அறிவியல் இதழில் அதே படத்தைப் பற்றிப் படித்தேன். அந்தக் கருமை ஓட்டை அல்லவாம், தூசி மேகமாம். பின்னாலிருக்கும் நட்சத்திரங்களை அது மறைக்கிறதாம். அந்தத் தூசியே திரண்டு புது நட்சத்திரங்கள் பிறக்கலாம் என்றுகூடச் சிலர் கருதுகிறார்களாம். யார் கண்ணிலும் படாமல் இதழைப் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வானத்தில் புதிதாக ஏதும் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். தலையசைத்தார். பிறகு மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில், தாங்கமாட்டாமல் ரஹீமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். மண்டி கிளார்க்குக்கும் அந்த புக்கு வருது, அத்தாவுக்குப் படிச்சுக் காட்டினாரு. போய்க் கேளுங்கன்னு நான்தான் சொன்னேன். ஒரு தபா கேட்டுட்டு வந்தாரு. வாத்தியாரு தானா சொல்வாரு, அவர பேஜார் பண்ணாதன்னுட்டாரு."

ஆக, தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். நான் சொல்வதற்கு இடம் விட்டுப் பார்த்திருக்கிறார். சாகும்வரை காத்திருந்தார், நானோ வெட்கத்தைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் காத்திருப்பு ஒன்றுதான். அன்று சிரித்த இதே கூட்டத்தின் முன் சொல்கிறேன்: பாய், நீங்கள் சொன்னதுதான் சரி.