நாரையை யார் அழிப்பது

காசாபிளாங்காவில் சுவரில் கிறுக்குகிறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அடுத்தவன் படத்தின் மேல் கை வைக்காதே. வரைந்தவன்தான் அதை அழிக்கலாம். போலீஸ் சட்டத்தை மீறியவர்கள் தெருவுக்கு நூறு பேர் இருப்பார்கள். இதை மீறியவன் ஒருத்தன் கிடையாது.

அதனால்தான் லார்பி அன்று காலை ஸுஹைரின் ஓவியக்கூடத்துப் படியேறினான். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

இருவரும் பதினேழு வயதிலிருந்து பந்தாட்ட ரசிகர் கூட்டத்துக்காகச் சுவர் சுவராக வரைந்தவர்கள். படத்தில் கூட்டத்தின் பெயர்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்கவே கூடாது. ஸுஹைர் தன் தெருவில் போட்ட ஒற்றைக்கால் நாரையைப் பார்த்துவிட்டு கேலரிக்காரி கிஸ்லான் தேடிக்கொண்டு வந்தாள். அதையே கேன்வாஸ் துணியில் வரையச் சொன்னாள், கீழே பெயரும் போடச் சொன்னாள். போட்டான். கூட்டம் அவனைத் தள்ளிவைத்துவிட்டது. பேப்பரில் அவன் படம் வந்தது, பாரிஸில் பாராட்டும் கிடைத்தது. அதற்கப்புறம் நாரை, நாரை, நாரைதான். ஒரு தடவை ஆசைக்கு ஒரு கழுதை வரைந்தான்.

"ரொம்ப அழகா இருக்கு ஸுஹைர். ஆனா இதை யார் கேட்டாங்க?" என்றாள் கிஸ்லான்.

தெருவிலிருக்கும் பழைய நாரையைத் தொடக்கூடாது என்று அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். நகராட்சி அதற்குப் பித்தளைப் பலகை மாட்டியிருந்தது.

லார்பி உள்ளே வந்து பாதி வரைந்திருந்த துணியைப் பார்த்தான். "மறுபடியும் இதுதானா? அதுக்குக் கால் வலிக்காதாடா?"

"உக்காரு."

"உக்கார வரல. நாளைக்கு ஷுஐப்புக்கு நாப்பதாம் நாள்."

ஷுஐப் இவர்களோடு மூன்றாவது ஆளாகத் திரிந்தவன், மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்துப்போனான். கூட்டத்தில் ஒருத்தன் செத்தால் நாற்பதாம் நாளுக்குள் அவன் வீட்டுக்கு எதிரே அவன் முகம் வந்தாக வேண்டும். ஷுஐப் வீட்டுக்கு எதிரே இருப்பது ஒரே சுவர். அதில் நாரை நிற்கிறது.

"நீ வந்து அழி. நாங்க வரைஞ்சுக்கறோம்."

"நானே வரையறேன்டா."

"நீ வரைஞ்சா அது அந்தக் கேலரிக்காரியோடது. அவன் மூஞ்சிக்கும் பலகை மாட்டிருவாங்க."

"அழிச்சா கேலரிலேருந்து என்னை வெளியே தள்ளிருவாங்க லார்பி."

"நாங்க தள்ளினப்ப செத்தா போயிட்டே?"

மத்தியானம் ஸுஹைர் சுண்ணாம்பு வாளியோடு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றான், பெயின்ட் டப்பாவோடு லார்பியும் வந்தான். புதினாத் தேநீர் விற்கும் பூஅஸ்ஸா ஓடி வந்து வாளியைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், இதைப் பார்க்க வர்றவனுக்குத்தான்டா நான் டீ ஊத்துறேன்! என் நாலு புள்ளைங்க உன் பறவையாலதான் சாப்பிடுதுங்க!"

"விடு மாமா."

"விட மாட்டேன்."

எதிர்மாடியில் ஷுஐப்பின் அம்மா வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் பூஅஸ்ஸாவின் கை தானாக நழுவியது.

ஸுஹைர் முதலில் காலை அழித்தான், பிறகு கழுத்தை, கடைசியாக அலகை. தெருவே போனைத் தூக்கிப் படம் பிடித்தது. ஏணியிலிருந்து இறங்கும்போது அவனுக்கு ஆறு வருஷத்துக்கப்புறம் மூச்சு நன்றாக வந்தது. அதற்குள் போன் அடித்தது. கிஸ்லான்.

"வீடியோ பார்த்தேன்! உன் நாரையை நீயே கொன்னுட்டே! வெறும் வெள்ளை! இதைவிடப் பெருசா நீ எதுவும் செஞ்சதில்லை. சுவரை யாரும் தொடாம பார்த்துக்கோ, போட்டோகிராபர் கிளம்பியாச்சு."

வசவு வாங்கத் தயாராக வந்தவன் பேச்சைத் துண்டித்துப் போனைப் பைக்குள் போட்டான். வரைந்தாலும் அவளுடையது. அழித்தாலும் அவளுடையது.

"லார்பி, ஆரம்பி."

"ஈரம் காயட்டும்டா. பெயின்ட் ஓடிரும்."

"ஓடட்டும். போட்டோகிராபர் வர்றதுக்குள்ள போடு!"

சுவர்களில் எழுத்து மட்டுமே போட்டுவந்த லார்பிக்கு எந்தக் காலத்திலும் முகம் வரைய வந்ததில்லை. ஒரு காது மேலே போனது, ஒன்று கீழே. முகவாயில் பெயின்ட் ஓடி இறங்கித் தாடியானது.

"லார்பி!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. "அவன் மூக்கு அவ்வளவு பெருசு இல்லடா!"

"சின்னதாக்கிடறேன் அம்மா!" என்று கத்திவிட்டு அவன் அதை இன்னும் பெரிதாக்கினான்.

ஸுஹைருக்குத் தெரியும், இடது பக்கம் ஒரே ஒரு கோடு இழுத்தால் ஷுஐப் அப்படியே வந்துவிடுவான். ஆனால் இது அடுத்தவன் படம், அவன் கை பட்டால் கிஸ்லானுடையதாகவும் ஆகிவிடும்; அந்தக் கோட்டை இழுக்கத்தான் அவனுக்கு வழியில்லை. கையைப் பைக்குள் திணித்துக்கொண்டான். உள்ளே போன் நடுங்கிக்கொண்டே இருந்தது.