ராகு காலத்துக்கு முன் வெளிக்கிட்ட கார்

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் என் கணவர் எங்கள் மின்சாரக் காரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். கராஜ் கதவு மேலே போகிற சத்தம் கேட்டு யன்னலால் எட்டிப் பார்த்தேன். வெளியே இன்னும் இருட்டு. கார் பூனை மாதிரிப் பின்னுக்குப் போய், வீதிக்கு இறங்கி, மூலையில் திரும்பி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் நடந்து வந்தார். மீசை முழுக்கப் பனி.

"எங்கை கார்?"

"பிளாசாவில விட்டிட்டன். சாமான் கடைக்கு முன்னால. இப்ப நாங்கள் வெளிக்கிட்டாச்செண்டு கணக்கு. இனி எப்பவும் போகலாம். தேத்தண்ணி போடும்."

இதற்கு மூளை யூனியன்வில்லில் இருந்தது. முதல் நாள் இரவு அங்கேயிருந்து இவருடைய அண்ணை தொலைபேசியில் பேசியிருந்தார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம், நீங்கள் எட்டு மணிக்கு வெளிக்கிடுவதென்றால் அதற்கு முன்னமே வாகனத்தை வீட்டை விட்டு எடுத்துவிட வேண்டும் என்று. ஊரில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மை. கெட்ட நேரத்தில் பயணம் என்றால் முதலே பெட்டியைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார்கள். பெட்டிக்குப் பற்றரி இல்லை. வெளியே மைனஸ் இருபத்திரண்டில் நிற்கவும் அதற்கு அவசியம் வரவில்லை.

ஏழரை என்பதும் சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிற ஊரின் கணக்கு. ரொறன்ரோவில் தை மாதத்து ஏழரைக்குச் சூரியன் எழும்பியே இருக்காது. ராகு மட்டும் எழும்பிப் பல் தீட்டி முகம் கழுவி எங்களுடைய காருக்காகக் காத்திருந்தாராம்.

நாங்கள் போக வேண்டியது சட்பரிக்கு. மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். இலையுதிர் காலத்திலிருந்து பித்தப்பையில் கல் என்று துடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பின்னேரம் சத்திரசிகிச்சை. பொறுப்பான பெரியவர் ஒருவர் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் கூட நிற்காவிட்டால் உள்ளே எடுக்கமாட்டார்கள், அடுத்த நாள் குறிக்கப் பல மாதம் ஆகும் என்று முதலே சொல்லியிருந்தார்கள். அதைவிட இன்னொன்றும் இருந்தது. தொலைபேசியில் அவள், ஏதோ பாலும் பாணும் வாங்கி வரச் சொல்வதுபோல, "அம்மா, தியேட்டர் கதவு மட்டும் வருவீங்கள்தானே?" என்று கேட்டிருந்தாள். சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல் வரைக்கும் வருவேன் என்றேன்.

இந்தப் பயணத்தை இவர் இரண்டு கிழமையாகத் திட்டமிட்டார். திட்டமிட்டார் என்றால், சாப்பாட்டு மேசையில் சோறு ஆற ஆறக் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு ஆப். அதில் ரொறன்ரோவிலிருந்து சட்பரி வரைக்கும் ஒரு நீலக் கோடு, கோட்டின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. அந்தப் புள்ளியில் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நின்றால் போதுமாம். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலாம். கார் எட்டு மணி வரைக்கும் வீட்டுப் பிளக்கிலேயே நின்று, வீட்டுக் கரண்டிலேயே தன் பற்றரியையும் எங்கள் இருக்கைகளையும் சூடாக்கிக்கொள்ளுமாம். அதற்கும் ஆப்பில் மணி வைத்திருந்தார். மணி வைத்த மனுசன்தான் ஏழு இருபதுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினவர்.

ஒருநாள் கேட்டேன். "உதிலை குளிரை எவ்வளவெண்டு போட்டிருக்கிறீங்கள்?"

"மைனஸ் அஞ்சு."

"ஏன் அஞ்சு?"

"அது அவரேஜ். உமக்கு உதுகள் விளங்காது."

எனக்கு விளங்கவில்லைதான். சராசரிக் குளிரில் யாருக்கும் சத்திரசிகிச்சை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அண்ணைதான் இந்தக் காரை முதலில் வாங்கியவர். அவர் அதை யூனியன்வில்லிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து யூனியன்வில்லுக்கும் ஓட்டுகிறார். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு வடக்கே போகிறவர்களுக்குப் புத்தி சொல்கிறார். எங்களுடையதை வாங்கிய கோடையில் நயாகராவுக்குப் போய்வந்தோம். காரும் ஓடியது, இவரும் பேசினார், வழி நெடுக. அதிலிருந்து பெற்றோல் அடிக்கிறவர்களைக் கண்டால் இவருக்கு ஒரு சிரிப்பு. சின்ன வகுப்பில் தங்கிவிட்ட பிள்ளைகளைப் பார்க்கிற சிரிப்பு.

கார்தான் முன்னமே வெளிக்கிட்டுவிட்டதே என்று, ராகு காலம் முழுதாக முடிகிற வரைக்கும் வீட்டில் இருந்தோம். இரட்டைப் பாதுகாப்பாம், ஒன்பதுக்கு எடுத்தாலும் இரண்டுக்குள் போய்விடலாமாம். ஒன்பது அடித்தபிறகு சாப்பாட்டுப் பையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு பிளாசாவுக்கு நடந்தோம். கதவின் கைப்பிடி காரின் உடலோடு ஒட்டினபடி இருக்கும், தொட்டால் வெளியே வரும். அன்றைக்கு வரவில்லை. இவர் உள்ளங்கையால் தட்டினார். வாயை வைத்து ஊதினார். கடை திறக்க வந்த தம்பி ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, உள்ளுக்க ஆரும் நித்திரையோ?" என்று கேட்டான்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. உள்ளே ஃபிறிஜ். திரையில் பார்த்தால், இரவு நானூறுக்கு மேல் ஓடலாம் என்று காட்டிய கிலோமீற்றர் முந்நூறுக்குக் கீழே நின்றது.

"பற்றரி குளிர்ந்து போச்சு," என்றார் இவர். "ஓட ஓடச் சூடாகும்."

"எங்களையும் சூடாக்குமோ?"

நெடுஞ்சாலையில் ஏறி, ஒரு கிலோமீற்றர் ஓடினால் திரையில் இரண்டு குறைவதைப் பார்த்ததும் ஹீற்றரை நிறுத்தினார். நான் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைந்தது. கையுறை போட்ட கையால் அவர் துடைக்க, நான் துடைக்க, அது திரும்பப் புகைய, நூற்றுப் பத்தில் போக வேண்டிய பாதையில் எண்பதில் போனோம். பெரிய பாரவண்டிகள் எங்களைச் சேற்றுப் பனியால் குளிப்பாட்டிவிட்டுத் தாண்டிப் போயின. காருக்குள் மனிதர்களைவிடப் பற்றரி முக்கியம் என்பதை எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை.

வழியில் கால்வாசித் தூரத்தில் வருகிற பரி என்கிற ஊரில் சார்ஜுக்கு நிறுத்துவதாகத் திட்டமே இல்லை. நிறுத்தினோம். எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர், ஹீற்றர் இல்லாமல், தொப்பியோடு, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி. எல்லோரிடமும் ஒரு நீலக் கோடு இருந்திருக்க வேண்டும். எங்கள் முறை வந்து வயரைச் செருகினால் மின்சாரம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"ஏன் ஏறுதில்லை?"

"ஏறுது. முதல்ல பற்றரி தன்னைத்தானே சூடாக்குது. பிறகுதான் சார்ஜ்."

"கெட்டிக்காரப் பற்றரி. என்ர கால் விரல் இருக்கோ எண்டு ஒருக்கால் ஆப்பிலை பாருங்கோ."

அப்போது மகள் எடுத்தாள். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"கிட்ட வந்திட்டம் பிள்ளை."

"கிட்ட எண்டா, லைக், எங்க?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

"பரி," என்றார்.

"அப்பா! அது கிட்ட இல்லை. அது உங்கட வீட்டுக்குக் கிட்ட! ரெண்டு மணிக்கு ஆள் இல்லாட்டி கான்சல் பண்ணுவினம். டூ யூ கெட் தற்? எனக்கு இன்னொருக்கா உந்த நோவோட எக்ஸாம் எழுத ஏலாது."

"ஆப் ரெண்டே காலெண்டு காட்டுது. அவையளிட்டைச் சொல்லு..."

அவள் வைத்துவிட்டாள்.

யுத்தம் முடிகிற மாதங்களில் இவர் ஸ்காபரோவில் இருந்தார், நானும் பிள்ளையும் வன்னியில் இருந்தோம். அவளுக்கு மூன்று வயது. ஒரே ஒரு முறை, யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் இவரோடு பேசக் கிடைத்தது. இவர் பரபரத்தார். "இஞ்சை இன்ரநெற்றிலை மப் போட்டிருக்கு. கடற்கரைப் பக்கம் போங்கோ, அதுதான் பாதுகாப்பு வலயம். நான் பார்த்தனான்." அவர் பார்த்திருந்தார். போனோம். அந்தக் கடற்கரையில்தான் ஷெல் விழுந்து மகளின் தொடையில் ஒரு துண்டு இரும்பு ஏறியது. ஆஸ்பத்திரி என்று சொன்ன ஒரு கூடாரத்துக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை வாசலில் மறித்தார்கள். மயக்க மருந்து முடிந்துவிட்டது என்பது அவளுடைய சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்கு அது நினைவில்லை என்கிறாள். இருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆஸ்பத்திரித் திரைச்சீலை ஆடினால் அந்தச் சத்தம் கேட்கிறது. அவருக்கு நான் அதைக் குற்றமாகச் சொன்னதில்லை. தூரத்தில் இருந்தவருக்குக் கையில் அந்த வரைபடம்தான் இருந்தது. ஆனால் மப்பில் போட்டிருக்கிறது என்று அதற்குப் பிறகும் ஒரு மனிதர் நம்பிக்கையாகச் சொல்வதை எனக்கு மரியாதையோடு கேட்க முடிவதில்லை. பச்சை நிறத்தில் ஒரு புள்ளி போடுகிறவன் அந்தப் புள்ளியில் போய் நிற்கப் போவதில்லை.

எங்கள் பச்சைப் புள்ளி பரி சவுண்டில், அதாவது பரியைத் தாண்டி இன்னும் வடக்கே உள்ள வேறொரு ஊரில், ஒரு கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்தது. நான்கு சார்ஜர். இரண்டு செத்துக் கிடந்தன. மூன்றாவதன் முன்னால் பனி அள்ளுகிற வண்டி அங்குள்ள பனி முழுவதையும் கொண்டுவந்து குவித்திருந்தது. நாலாவதில் ஒரு கார், ஆள் இல்லை. இவர் இறங்கி ஆளைத் தேடிப் போனார். திரும்பி வந்து, "சாப்பிடுறானாம்," என்றார், அரசாங்க அறிவித்தலைப் போல.

"நீங்கள் சொல்லேல்லையோ, எங்கட பிள்ளைக்கு ஒப்பரேசன் எண்டு?"

"சொன்னனான். தன்ரை மனுசிக்கும் முதுகு நோவாம்."

அண்ணைக்கு அழைத்தார். அவர் சொல்வது எனக்கும் கேட்டது. "நீ வெளிக்கிட்ட நேரம் சரிதானே? பிறகென்ன. காரியம் சரிவரும். ஹீற்றரைப் போடாதை." எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. போனைப் பிடுங்கி அணைத்தேன்.

"ஏன் இப்ப அண்ணையோட கோவிக்கிறீர்?"

"நான் ஒருத்தரோடும் கோவிக்கேல்லை. உங்கட கார் காலமை ஏழு இருபதுக்கே போய்ச் சேர்ந்திட்டுது. நாங்கள்தான் வரேல்லை."

இவர் ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார்.

இரண்டு மணிக்குச் சற்று முன் மகள் எடுத்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது, அலுவலகத்தில் பேசுகிற ஆள் மாதிரி.

"அம்மா, வீட்டுக்கார லேடியைக் கேட்டன். அவா வந்து சைன் பண்ணிட்டா. என்னை இப்ப எடுக்கப் போகினம்."

வீட்டுக்காரப் பெண்ணின் கீழ் அறையில்தான் மகள் வாடகைக்கு இருந்தாள். அந்தப் பெண்ணை நான் ஒருமுறைதான் கண்டிருந்தேன், புரட்டாதியில் சாமான் இறக்கும்போது. சப்பாத்தைக் கழற்றச் சொன்னதைத் தவிர வேறு பேசவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லாத மனுசி, பிள்ளைக்கு ஒரு கோப்பை சுடுதண்ணியும் குடுக்கமாட்டாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசியிருந்தேன்.

"நாங்கள் வாறம் பிள்ளை. ஒரு அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லு..."

"அம்மா, அவை பொறுக்கமாட்டினம். நீங்கள் அரை மணித்தியாலத்தில வரவும் மாட்டீங்கள்." கொஞ்சம் நிறுத்தினாள். "இற்ஸ் ஓகே. போனை வைக்கச் சொல்லுகினம்."

சாப்பிட்டு முடித்தவன் பல்லுக் குத்தியபடி வந்து தன் காரை எடுத்தான். எங்களுக்குக் கையும் காட்டினான்.

சட்பரியில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் நடந்தபோது வெளியே விளக்குகள் எரிந்தன. வரவேற்பில் இருந்த பிள்ளை, முடிந்துவிட்டது, நல்லபடியாக இருக்கிறாள், கீழே கொண்டு வருவார்கள், இருங்கள் என்றது. இருந்தோம். இவர் பழக்கத்தில் கைத்தொலைபேசியை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். லிஃப்ற் திறக்கும் ஒவ்வொரு முறையும் எழும்பி நின்றேன். பூங்கொத்தோடு ஒருவர் வந்தார். துடைப்பத்தோடு ஒருவர் வந்தார்.

பிறகு அவள் வந்தாள். சக்கர நாற்காலியில், மடியில் ஒரு வெள்ளைப் போர்வை, உதடு காய்ந்து, முடி ஒரு பக்கம் எழும்பி நிற்க. நாற்காலியைத் தள்ளி வந்தது அந்த வீட்டுக்காரப் பெண்தான். அவள் தோளில் என் மகளின் புத்தகப் பை தொங்கியது. தியேட்டர் கதவு வரைக்கும் தானும் போனதாகவும், பிள்ளையின் கையை விடச் சொல்லும்வரை விடவில்லை என்றும் அந்தப் பெண் ஆங்கிலத்தில், சிரிக்காமல் சொன்னாள். நான் நன்றி என்று தொடங்கினேன். அவள் அதற்காகக் காத்து நிற்கவில்லை, பையைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

இவர் முன்னால் வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். "பிள்ளை, பற்றரி குளிர்ந்து போட்டுதம்மா, அதுதான்..." என்று தொடங்கினார். மகள் மயக்கம் முழுதாகத் தெளியாத கண்ணால் அவரை ஒருமுறை பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, நீங்கள் போய்க் காரைச் சார்ஜ் பண்ணுங்கோ. அம்மா இஞ்ச நிக்கட்டும்."