மைக் ஐயாவின் மூன்றாவது தடவை

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. பேச வேண்டுமென்றால் ஐயாவுக்கு இரண்டு கையும் வேண்டும்.

"வெந்நீர் கேட்டேன், அப்புறம்னீங்க. பேப்பர் கேட்டேன், அப்புறம்னீங்க. ஜன்னலைத் திறங்கன்னேன், அதுக்கும் அப்புறம்னீங்க."

மூன்றாவது 'அப்புறம்' முடிந்ததும் சற்று நிறுத்துவார். கைதட்டலுக்கு. நாற்பது வருஷம் தொழிற்சங்க மேடைகளில் மைக்கைத் தட்டி, ஊதிப் பார்த்து முழங்கியவர். தெருவில் பேரே 'மைக் ஐயா'. இப்போது கூட்டம் என்று இருப்பது மனைவி, மகள், காலையில் வரும் நர்சம்மா. கைதட்ட ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

பெட்பேன் கேட்கவும் மூன்று வாக்கியம். மூன்றாவது வருவதற்குள் சில நாள் காரியம் முடிந்திருக்கும். விரிப்பு மாற்றுவது நர்சம்மா.

"கல்யாணத்துக்குக் கேட்டப்பவே சம்மதம், சம்மதம், சம்மதம்னு மூணு தடவை சொன்னாரு. அன்னிக்கே நான் சுதாரிச்சிருக்கணும்" என்பார் மனைவி.

ஐயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, மனிதர்தான் எழ மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வாக்கரைப் பிடித்து நிற்காவிட்டால் இனி படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதுகுக்குக் கீழே நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. அது புண்ணாக எத்தனை நாள் ஆகும் என்று நர்சம்மாவுக்குத் தெரியும். ஐயாவிடம் சொன்னால் பதில் தயார்.

"டாக்டர் சொன்னா நடக்கணுமா? பொண்ணு சொன்னா நடக்கணுமா? நேத்து வந்த நீங்க சொன்னா நடக்கணுமா?"

மகள் கெஞ்சினாள், அழுதாள். அழுகைக்கும் மூன்று வாக்கியம் கிடைத்தது.

வியாழக்கிழமை அவரைக் கட்டிலோரத்தில் உட்காரவைத்து முதுகு துடைத்தபோதுதான் நர்சம்மா கவனித்தார். மூன்றாவது தடவை சொல்லும்போது ஐயாவின் இரு கையும் கட்டிலை அழுத்துகின்றன. உடம்பு நாலு விரல் மேலே எழும்புகிறது. மேடையில் குதிகால் தூக்கிப் பேசிய பழக்கம், இடுப்பு உடைந்தும் விடவில்லை.

நர்சம்மா ஐயாவின் பாதங்களைத் தரையில் சரியாகப் பதித்தார். வாக்கரை முன்னால் வைத்தார். பிறகு, துண்டைப் பிழிந்துகொண்டே, "உங்க சங்கத்துல எல்லாரும் பயந்தாங்கொள்ளிங்களாமே, ஐயா?" என்றார்.

"யாரு சொன்னது? ஆலையை மூடினான், பயந்தோமா? சம்பளத்தை நிறுத்தினான், பயந்தோமா? தடியைத் தூக்கிட்டு வந்தான்..."

நர்சம்மாவின் கை அவர் அக்குளுக்குள் போயிற்று.

"...பயந்தோமா?"

அதை நின்றுகொண்டே சொல்லி முடித்தார். இரண்டு கையும் வாக்கரில் இருந்தன. வாசலில் மனைவி ஈரக்கையோடு அப்படியே நின்றார்.

"இது மோசடி" என்றார் ஐயா.

"ஒரு தடவை சொன்னா போதும், ஐயா. காது நல்லா கேக்குது."

ஆறு எண்ணும்வரை நின்றவர் பொத்தென்று உட்கார்ந்தார். அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அந்த வீட்டில் கடிகாரம் ஓடும் சத்தம் அன்றுதான் கேட்டது என்றாள் மகள்.

மறுநாள் காலை நர்சம்மா வந்தபோது ஐயா கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் கழுத்துவரை போடப்பட்டிருந்தன. தலை வாரியிருந்தது. வாக்கர் எதிரே இழுத்து வைக்கப்பட்டிருந்தது.

நர்சம்மா வந்து பக்கத்தில் நிற்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கைப்பிடியை விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, குனிந்து, 'ப்பூ' என்று ஊதினார்.