தேவசிகாமணியின் வயிறும் மாசிபத்திரியும்

மலைமேல் இருக்கிற கொட்டச்சேட்டில் ஒரு டிரைவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் லைசென்ஸைப் பார்க்க மாட்டார்கள். தேவசிகாமணியைப் பின்சீட்டில் ஏற்றி, குப்பனூர் மலைப்பாதையில் இறக்கிப் பார்ப்பார்கள். எத்தனையாவது வளைவில் அவர் வாயைப் பொத்துகிறாரோ, அதுதான் அந்த டிரைவருக்கு மார்க்.

காப்பி எஸ்டேட்டில் களை வெட்டுகிறவர் அவர். ஐம்பத்து மூன்று வயது, நெட்டையான ஆள். காப்பிச் செடிக்கடியில் பாம்பைக் கண்டால் நின்று வழி விடுவார். பஸ்ஸைக் கண்டால் வேர்த்துவிடும். சொந்த வேலையாகச் சேலம் போகிற நாளில் அவர் சட்டைப் பையில் ஒரு கொத்து மாசிபத்திரி இருக்கும். மலையில் தானாக முளைக்கிற செடி. பூவென்று யாராவது சொன்னால்தான் அது பூ. ஆனால் இலையைக் கசக்கினால் போதும், கற்பூரமும் கசப்பும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதை முகர்ந்தபடியே போனால் அவர் வயிறு சொன்ன பேச்சுக் கேட்கும். இந்த நன்றிக்காகவே, எல்லாக் களையையும் சாய்க்கிற அவர் கத்தி மாசிபத்திரிப் புதரை மட்டும் சுற்றிக்கொண்டு போகும்.

மகள் ஈவ்லின் தாவரவியல் படித்தவள். அந்த வீட்டின் முதல் டிகிரி. மாசிபத்திரியும் சாமந்தியும் ஒரே குடும்பம் என்று அவள் ஒருநாள் சொன்னபோது, "சொந்தக்காரங்கன்னா கொஞ்சமாச்சும் முகச்சாடை வேண்டாமா கண்ணு?" என்று கேட்டார்.

இரண்டு வருடம் வேலை தேடிச் சலித்த ஈவ்லின், கடைசியில் எஸ்டேட் வேன் ஓட்டவே மனுக் கொடுத்தாள். அதே ஊர்ப் பையன் லோகேஷும் கொடுத்திருந்தான். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் மணி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, காப்பிப் பழம் பறிக்கிற பெண்களிடம் திரும்பினார். "தினமும் ஏறப் போறது நீங்கதான். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பெண்கள் தேவசிகாமணியைக் கூப்பிட்டார்கள்.

லோகேஷுக்கு ஐந்தாவது வளைவு. மோசமில்லை.

மறுநாள் ஈவ்லினின் முறை. பரீட்சை நாளில் வேனுக்குள் மாசிபத்திரி ஆகாது. பெண்கள்கூடக் கொண்டையில் வைக்கக் கூடாது. பழம் பறிக்கிறவர்களில் ஒருத்தியான ராணி அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்ண்ணா, அப்பன் வவுறு மவளுக்குச் சாதகமா இருக்காதுங்களே?"

"என் வவுறு என் பேச்சையே கேக்காது. மவ பேச்சையா கேக்கப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பனியனுக்குள் ஒரு கொத்து இருந்தது. பெற்ற மகளின் பிழைப்பைத் தன் வயிறே கெடுக்க வேண்டுமா? ஒரு கைப்பிடித் தழை அவ்வளவு பெரிய பாவமா? விடியற்காலையிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வருவதற்குள் வேன் வந்துவிட்டது.

கசக்காதவரை மாசிபத்திரி அடக்கமான செடி. இரண்டாவது வளைவில் அவர் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். பனியனுக்குள் இலை நசுங்கியது. அவ்வளவுதான், வேன் முழுக்க நெடி.

"யாருடி தலையில வெச்சது?" என்று ராணி எழுந்தாள். பெண்கள் ஆளுக்காள் கொண்டையைத் தடவினார்கள்.

ஈவ்லின் ஓரமாக நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டாள். "அப்பா, எடுங்க."

அவர் எடுத்தார்.

"எம்மேல நம்பிக்கை இல்லீங்களாப்பா?"

"உம்மேல நொம்ப இருக்குது சாமி. இந்த வவுத்து மேலதான் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கொத்தை வாங்கி வெளியே எறிந்தாள். "மறுபடி மேல இருந்து வாரேன். முதல்லேருந்து எண்ணுங்கக்கா" என்றாள் ராணியிடம். ஏறிப் போய், திருப்பி, மறுபடியும் இறக்கினாள். முதலில் இறங்கின இரண்டும் ஏறின இரண்டுமாக, வயிற்றுக்கு அதற்குள் நான்கு வளைவு. கணக்கில் ஒன்றுமில்லை.

மூன்றாவது வளைவிலேயே அவருக்கு நாக்கடியில் உப்பு ஊறியது. நான்கில் கண்ணை மூடினார். பல்லைக் கடித்து அடக்குவதும் கள்ளத்தனத்தில் சேருமா? தழைக்குத்தான் தடை, பல்லைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தில் அவர் கண் திறந்து மகளின் கைகளைப் பார்த்தார். ஸ்டியரிங் தொட்டில் அசைகிற மாதிரி திரும்பியது. அட, நன்றாகத்தான் ஓட்டுகிறாள். இந்த வயிற்றுக்கு அது எங்கே தெரிகிறது!

ஆறாவது வளைவைத் தாண்டியதும் கையைத் தூக்கினார்.

அவர் பாதையோரம் குனிந்து நின்று குமட்டிக்கொண்டிருக்க, பின்னால் வேனே அதிரும்படி பெண்கள் கை தட்டினார்கள். "ஆறுடியோய்! லோகேசு அஞ்சுதான்!" என்று ராணி கத்தினாள். ஈவ்லின் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து அவர் முதுகைத் தடவினாள்.

"எப்பிடிங்கப்பா இருக்குது?"

"நீ போய் வண்டியத் திருப்பு கண்ணு" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "பழம் பறிக்க நேரமாச்சுன்னு ரைட்டர் சத்தம் போடுவாரு. நான் நடந்தே வாரேன்."