விறைத்த கை

புதுவாயல் சந்தையில் மீன்காரம்மா ஒரு சங்கரா மீனைத் தலையைப் பிடித்து நீட்டினாள். வால் தொங்கவில்லை. "கட்ட மாதிரி கீது பாரு. காலைல புடிச்சது."

அம்மாவும் இப்படிப் பார்த்துத்தான் வாங்குவாள். விறைத்த மீன் புதுசு, துவண்டது பழசு என்று சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாவது படிக்கும்போது நைனா கம்பெனி ஷிப்டில் நெஞ்சு வலித்து இறந்துபோனார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கை மடங்கி, மேலே தூக்கியபடியே விறைத்திருந்தது. மறுநாள் சவப்பெட்டியின் மூடி படியவில்லை. சர்ச்சில் பாஸ்டர் காத்திருந்தார்.

"ஓங்கி அமுக்குனா எறங்கிடும் அண்ணி," என்று சித்தப்பா முழங்கையைப் பிடித்தார்.

அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "எலும்பு ஒடஞ்சிடும். மீனு தானா தளருது இல்ல? இதுவும் தளரும். உடு."

எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விரல்களைப் பிடித்துக்கொண்டு, தளரக்கூடாது என்று வேண்டினேன். விறைப்பாக இருக்கும்வரை நைனா இப்போதுதான் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

வெயில் சாயும்போது அது மெதுவாக என் கையோடு இறங்கியது. அப்போதுதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

"வெட்டட்டுமா?" மீன்காரம்மா கத்தியை எடுத்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா," என்றேன்.